பாடலின் பொருள் எங்கே இருக்கிறது?

மலேசியாவில் மின்னல் பண்பலை, சிங்கப்பூரில் ஒலி 96.8 எனத் தமிழ் வானொலி நிலையங்கள் நாள்தோறும் பாடல்களை ஒலிபரப்புகின்றன. பேருந்துப் பயணத்திலும் உடற்பயிற்சியின்போதும் கைப்பேசிவழி பாடல் கேட்கும் மாணவர் பலர். பள்ளிக்கு வெளியே அவர்கள் செவியில் விழும் தமிழில் பெரும்பங்கு பாடல்வழியே வருகிறது. நூறு பாடல்களை மனப்பாடமாகப் பாடக்கூடியவரிடம், “இந்த வரிக்குப் பொருள் என்ன?” என்று கேட்டால் அவர் சற்றே தயங்குவதும் உண்டு. மெட்டு மனத்தில் பதிந்த அளவுக்குப் பொருள் பதிந்திருப்பதில்லை.

பொருள் அறிய அகராதி இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால், ஒரு பாடல்வரியின் பொருள் முழுவதும் அகராதியில் கிடைத்துவிடாது. சொல்லில் ஒரு பகுதி இருக்கும். யார் யாரிடம் எப்போது சொல்கிறார் என்பதில் இன்னொரு பகுதி இருக்கும். சொல்லாமல் விடப்பட்டதிலும் ஒரு பகுதி மறைந்திருக்கும். இவற்றையெல்லாம் ஆராயும் மொழியியல் பிரிவு பொருண்மையியல் எனப்படுகிறது. அதன் சில அடிப்படைக் கருத்துகளைத் துணையாகக் கொண்டு, பாடல்களில் பொருள் எப்படி உருவாகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்பொருளும் குறிப்புப்பொருளும்

மலேசியத் தமிழர் இல்லங்களுக்கு விருந்தினர் வந்தால், “பசியாறிட்டீங்களா?” என்று கேட்பது வழக்கம். சொற்களை மட்டும் பார்த்தால் இது உணவைப் பற்றிய கேள்வி. ஆயினும், கேட்பவர் விருந்தினரின் வயிற்றைப் பற்றிய தகவலை மட்டும் திரட்டவில்லை. “வாருங்கள், உங்கள்மீது எங்களுக்கு அக்கறை உண்டு” என்பதே அவர் சொல்ல வருவது. இங்குச் சொற்பொருள் ஒன்று. அச்சொல் செய்யும் வேலை வேறொன்று.

இந்த வேறுபாட்டைத் தமிழ் இலக்கண நூலார் நெடுங்காலத்திற்கு முன்பே கவனித்திருக்கின்றனர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பொருளை நேராக உணர்த்தும் சொற்களை வெளிப்படை என்றும், மறைவாக உணர்த்தும் சொற்களைக் குறிப்பு என்றும் பிரிக்கிறது. ஆகுபெயர் குறிப்பு வகையைச் சேர்ந்தது. ‘காளை வந்தான்’ என்பது வகுப்பறைகளில் அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு. ‘காளை’ அஃறிணைச் சொல். ‘வந்தான்’ உயர்திணை ஆண்பால் வினைமுற்று. இவ்விரண்டும் பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமையே, “இங்குக் காளை என்பது மாடன்று, காளையைப் போன்ற வீரன்” என்று கேட்பவருக்கு அறிவிக்கிறது.

திரைப்படத்தில் கதாநாயகன் அறிமுகமாகும் பாடல்களில் அவனைச் சிங்கம் என்றும் புலி என்றும் புகழ்வது உண்டு. ‘சிங்கம் வருகிறார்’ என்றால் வினைமுற்றே உண்மையைக் காட்டிக் கொடுத்துவிடும். ‘சிங்கம் வருகிறது’ என்று பாடினாலோ இலக்கணம் உதவிக்கு வராது. தைப்பிங் விலங்கியல் பூங்காவில் ஒருவர் சொல்லும் ‘சிங்கம் வருகிறது’ என்ற தொடருக்கும், திரையரங்கில் ஒலிக்கும் அதே தொடருக்கும் எழுத்தளவில் வேறுபாடே இல்லை. இரண்டையும் வேறுபடுத்துவது சூழல். பூங்காவில் மக்கள் கூண்டைப் பார்க்கிறார்கள், திரையரங்கில் கைதட்டுகிறார்கள்.

ஒரே நிலவு, வேறுவேறு உணர்வு

சூழல் பொருளை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு ‘நிலவு’ நல்ல சான்று. அறிவியல் பாடத்தில் நிலவு பூமியைச் சுற்றிவரும் துணைக்கோள். தாலாட்டில் அது குழந்தையின் விளையாட்டுத் தோழன். காதல் பாடலில் அது காதலியின் முகம். பிரிவைப் பாடும் பாடலில் அது உறங்காதவருக்குத் துணையிருக்கும் சாட்சி. சொல் ஒன்றுதான், பாடும் குரலும் நேரமும் மாறும்போது அதன் பொருளும் மாறுகிறது.

சங்க இலக்கியத்திலிருந்து ஒரு நிலவு இக்காலத் திரைப்பாடலுக்கு வந்து சேர்ந்த வரலாறு சுவையானது. முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளல் பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டனர். பாரி இறந்தான், மலையும் பறிபோனது. அவனுடைய மகளிர் இருவரும் பாடியதாகப் புறநானூற்றில் 112ஆம் பாடல் அமைந்துள்ளது. கடந்த ஒரு மாதத்தின் நிலவொளியில் தங்களுக்குத் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது. இந்த மாதத்தின் நிலவொளியில் குன்று பகைவர் கையில், தந்தையும் இல்லை என்பது அப்பாடலின் கருத்து. அதில் அழுகை என்ற சொல் இல்லை. துயரம் என்ற சொல்லும் இல்லை. அந்த நிலவு, இந்த நிலவு என்று இரு காலங்களை அருகருகே வைத்ததே துயரத்தைச் சொல்லிவிடுகிறது. மாறாத நிலவுக்குக் கீழே எல்லாம் மாறிவிட்டது என்பதைக் கேட்பவரே உணர்ந்துகொள்கிறார்.

1997ஆம் ஆண்டு வெளிவந்த ‘இருவர்’ திரைப்படத்திற்குக் கவிஞர் வைரமுத்து எழுதிய ஒரு காதல் பாடலில் இந்தப் பழைய நிலவு மீண்டும் தோன்றுகிறது. பாரி மகளிர் பயன்படுத்திய சொற்களையே எடுத்து, நிலவொளியில் கண்ட ஒரு பெண்ணை நினைவுகூரும் காதலனின் வாயில் கவிஞர் வைக்கிறார். இழப்பின் நிலவு, காதலின் நிலவாகிவிடுகிறது.

அதே பாடலில் குறுந்தொகையின் 40ஆம் பாடலில் உள்ள உவமையும் இடம்பெறுகிறது. செந்நிலத்தில் விழுந்த மழைநீர், மண்ணின் நிறத்தைப் பெற்று அதனோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிடுவதைப்போல் இரு நெஞ்சங்கள் கலந்தன என்பது அவ்வுவமை. அதைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்து, உவமையாலேயே அவர் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கப்படுகிறார்.

பழைய பாடல்களை அறியாதவரும் இத்திரைப்பாடலை மகிழ்ந்து கேட்கலாம். அறிந்தவருக்கோ கூடுதலாக ஒன்று கிடைக்கும். காதலின் மகிழ்ச்சிக்குப் பின்னால் பாரி மகளிரின் துயரமும் மெல்லிய நிழலாகத் தெரியும். ஆகவே, பாடலின் பொருள் கவிஞர் தருவதோடு முடிந்துவிடுவதில்லை. கேட்பவர் தம்மோடு கொண்டுவரும் அறிவும் அதில் சேர்கிறது.

மடை திறந்தபோது

பழைய தொடர் புதிய சூழலில் புதுப்பொருள் பெறுவதற்கு மலேசியாவிலும் ஒரு சான்று உண்டு. ‘மடை திறந்த வெள்ளம் போல’ என்பது மாணவர்கள் அறிந்த உவமைத்தொடர். மடை என்பது ஏரி அல்லது கால்வாயிலிருந்து வயலுக்கு நீர் பாயும் வழி. அடைத்து வைத்திருந்த மடையைத் திறந்ததும் தேங்கி நின்ற நீர் விரைந்து பாயும். கெடா மாநிலத்தின் நெல்வயல்களுக்கு அருகில் வாழ்வோர் இக்காட்சியைக் கண்டிருக்கக்கூடும். அடுக்குமாடி வீடுகளில் வளரும் பலருக்கு மடை என்பது உவமைத்தொடரில் மட்டுமே உள்ள சொல்.

1980ஆம் ஆண்டு பாரதிராஜா இயக்கத்தில் ‘நிழல்கள்’ என்ற திரைப்படம் வெளிவந்தது. வேலையும் வாய்ப்பும் கிட்டாமல் தவிக்கும் இளைஞர்களின் கதை அது. அதில் இசைத்துறையில் முன்னேறக் கனவு காணும் ஓர் இளைஞன் பாடும் ‘மடை திறந்து’ என்ற பாடலை வாலி எழுதினார். இளையராஜா இசையமைக்க, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடினார். அங்குப் பாயக் காத்திருக்கும் நீர், அந்த இளைஞனின் உள்ளத்தில் தேங்கியிருந்த இசை. வாய்ப்பு என்னும் மடை திறந்துவிட்டதாக அவன் கற்பனை செய்கிறான். கதையை அறிந்தவருக்கு அப்பாடலின் உற்சாகத்திற்குள் ஓர் ஏக்கமும் கேட்கும்.

2006ஆம் ஆண்டு மலேசியாவைச் சேர்ந்த யோகி பி – நட்சத்திரா குழுவினர் ‘வல்லவன்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அதில் ‘மடை திறந்து’ பாடலை எடுத்துக்கொண்டு, தங்கள் சொல்லிசையை, அதாவது ராப் வரிகளை, அதனோடு இணைத்தனர். பாடல் தமிழ்நாட்டிலும் பெரும் வரவேற்பைப் பெற்றது.

இங்கு மாறியவை எவை? தொடக்கத் தொடர் மாறவில்லை. மெட்டின் அடையாளமும் மாறவில்லை. பாடுபவர் மாறிவிட்டார். முதல் பாடலில் பாடுபவன் கதையில் வரும் ஒரு கற்பனைப் பாத்திரம். இரண்டாவதில் பாடுபவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே பாடும் மலேசிய இளைஞர்கள். முதலாவதில் மடையிலிருந்து பாய்ந்தது இசை. சொல்லிசையில் பாய்வது சொல். மூச்சு விடாமல் அடுக்கிவரும் சொற்களின் வேகமே வெள்ளத்தை நினைவூட்டுகிறது. தமிழ்த் திரையிசையைக் கேட்டே வளர்ந்தவர்கள், இப்போது தங்கள் குரலிலும் கேட்கச் செய்கிறார்கள் என்ற பொருளும் அதில் சேர்ந்துகொள்கிறது. ஒரே தொடர் இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, வேறொரு நாட்டில், வேறொரு மடையைத் திறந்தது.

சின்னஞ்சிறு சொற்கள்

பாடலின் பொருளை அறிய முயல்வோர் பெரும்பாலும் கடினமான சொற்களையே தேடுகின்றனர். தமிழிலோ மிகச் சிறிய இடைச்சொற்களும் பெரிய வேலையைச் செய்கின்றன. ‘அவன் பாடினான்’ என்ற எளிய தொடரை எடுத்துக்கொள்வோம்.

‘அவனும் பாடினான்’ என்றால் அவனுக்கு முன் வேறு யாரோ பாடியிருக்கிறார்கள். ‘அவனே பாடினான்’ என்றால் பாடியவன் வேறு யாருமல்லன் என்ற உறுதி பிறக்கிறது. ‘அவனா பாடினான்?’ என்பதில் ஐயமோ வியப்போ தொனிக்கிறது. ‘அவனோ பாடினான்’ என்றால் மற்றவர் வேறு எதையோ செய்துகொண்டிருந்தனர் என்பது புலப்படுகிறது. ஓரிரண்டு எழுத்துகள் சேர்ந்தவுடன், தொடரில் இல்லாத மனிதர்களும் உணர்வுகளும் உள்ளே வந்துவிடுகின்றனர். நன்னூல் ஏகாரத்திற்கு 6 பொருள்களையும், ஓகாரத்திற்கு 8 பொருள்களையும், உம்மைக்கு 8 பொருள்களையும் வகுத்துக் கூறுகிறது.

பாடல்களில் இதைக் கவனிக்கும்போது ஒரு சிக்கல் எழும். திரைப்பாடல்கள் பலவற்றில் மெட்டு முதலில் உருவாகிறது. கவிஞர் அதன் அளவுக்கேற்பச் சொற்களை அமைக்கிறார். மெட்டில் ஓர் அசை மிஞ்சினால், ‘ஏ’ என்று நீட்டி அந்த இடத்தை நிரப்பலாம். நன்னூல் ஏகாரத்திற்குக் கூறும் 6 பொருள்களில் ‘இசைநிறை’ என்பதும் ஒன்று. எனவே, பாடலில் வரும் எல்லா ஏகாரமும் பொருள் தருவதில்லை. அதைக் கண்டறிய எளிய வழி உண்டு. அந்த ஏகாரத்தை நீக்கிவிட்டு வரியைப் படித்துப் பார்க்க வேண்டும். கருத்து மாறாவிட்டால் அது இசையை நிறைக்க வந்தது. கருத்து மாறினால் அது பொருளுக்காக வந்தது.

‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் சொற்களும் இவ்வாறே கவனிக்கத்தக்கவை. ‘நாம் வெல்வோம்’ என்று பாடினால் கேட்பவரும் அந்த வெற்றியில் பங்காளி. ‘நாங்கள் வெல்வோம்’ என்று பாடினால் கேட்பவர் வெளியே நிற்கிறார். சில வேளைகளில் எதிரணியிலும் நிற்கிறார். மலாய்மொழியில் ‘கித்தா’, ‘காமி’ ஆகிய சொற்களுக்கு இடையிலும் இதே வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான். ஆகவே, தமிழ்ப் பாடலொன்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது, கவிஞர் யாரை உள்ளே அழைத்தார், யாரை வெளியே நிறுத்தினார் என்பது மறைந்துபோகலாம்.

சொல்லாமல் சொல்பவை

‘தேர்ந்த பாடகரும் திணறும் மெட்டு’ என்ற தொடரில் வரும் உம்மையை உயர்வு சிறப்பும்மை என்பர். தேர்ந்த பாடகர் பொதுவாகத் திணற மாட்டார் என்பது இத்தொடரில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால், அதை ஏற்றுக்கொண்டால்தான் தொடரே பொருள் தரும். இவ்வாறு ஒரு தொடர் தன்னைப் புரிந்துகொள்வதற்காகக் கேட்பவரை முன்கூட்டியே ஏற்கச் செய்யும் கருத்தை முற்கோள் எனலாம். சொல்லப்பட்ட கருத்தை மறுத்துப் பேசுவது எளிது. சொல்லாமல் உள்ளே வரும் கருத்தைக் கேட்பவர் கவனிப்பதே அரிது.

‘கறுப்பாக இருந்தாலும் அழகாக இருக்கிறாள்’ என்ற பேச்சைப் பலரும் கேட்டிருப்பர். சொல்பவர் பாராட்டுவதாகவே நினைக்கிறார். கேட்கும் பெண்ணோ மனம் வாடுகிறாள். ஏன்? ‘இருந்தாலும்’ என்ற சொல்லின் இறுதியில் நிற்கும் ‘உம்’, ‘கறுப்பாக இருப்பவர் பொதுவாக அழகாக இருப்பதில்லை’ என்ற முற்கோளைச் சுமந்து வருகிறது. இதைச் சோதிக்க நிறத்தை மாற்றிப் பார்க்கலாம். ‘வெள்ளையாக இருந்தாலும் அழகாக இருக்கிறாள்’ என்று சொன்னால் காதுக்கு வினோதமாகப் படுகிறது. இலக்கணத்தில் பிழை ஏதும் இல்லை. சமூகத்தில் ஊறிப்போன எண்ணத்தோடு அது ஒத்துப்போகவில்லை என்பதே காரணம். ‘பெண்ணாக இருந்தாலும் துணிச்சலானவள்’ என்ற பாராட்டிலும் இதே குறை ஒளிந்திருக்கிறது.

விளம்பரங்களும் முற்கோள்களைச் சுமந்து வருபவையே. இந்தியாவிலும் இவ்வட்டார நாடுகளிலும் பல ஆண்டுகளாக விற்கப்பட்ட ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற முகப்பூச்சின் பெயர் 2020ஆம் ஆண்டு ‘குளோ அண்ட் லவ்லி’ என மாற்றப்பட்டது. வெளிர் நிறத்தையும் அழகையும் சேர்த்துச் சொன்ன பெயரில் நிறம் நீங்கி, ஒளிர்வு வந்தது. சமூகம் ஒரு சொல்லைக் கேள்வி கேட்டால் அது மாறும் என்பதற்கு இது சான்று. எனினும், விளம்பரத்தின் பொருள் பெயரில் மட்டும் இல்லை. படமும் கதையும் இசையும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பதையும் பார்த்த பின்னரே பொருள் மாறியதா என்று முடிவு செய்ய இயலும்.

பாடல்கள் தவறான எண்ணங்களை எதிர்த்தும் குரல் கொடுக்கின்றன. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘வெற்றிக் கொடி கட்டு’ திரைப்படத்தில் கறுப்பு நிறத்தைப் போற்றும் பாடல் ஒன்று உண்டு. அதன் தொடக்கத்திலேயே ‘தான்’ என்ற இடைச்சொல் கறுப்போடு ஒட்டி நிற்கிறது. ஒருவர் எதிர்க்கருத்து கூறாமல் ‘தான்’ என்று அழுத்திச் சொல்லத் தேவையில்லை. அச்சிறு சொல், நிறத்தைத் தாழ்த்திப் பேசும் சமூகத்திற்குச் சொல்லும் மறுமொழி.

மறுப்பைப் பற்றிய பாடல்களையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். விருப்பமில்லை என்று விலகிச் செல்லும் பெண்ணைக் கதாநாயகன் பாடியபடியே பின்தொடரும் காட்சிகள் திரைப்படங்களில் பல உள்ளன. பாடல் முடிவதற்குள் அவள் புன்னகைத்துவிடுகிறாள். அத்தகைய பாடலில் ‘வேண்டாம்’ என்பதற்கு ‘இன்னும் கேள்’ என்ற பொருள் ஏற்றப்படுகிறது. வாழ்க்கையில் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம் என்பதே பொருள். இப்பாடல்களைக் கேட்கும்போது, பாடப்படும் பெண்ணுக்கு ஒரு வரியாவது பேசும் வாய்ப்பு இருக்கிறதா என்று கவனிக்கலாம். அவளுடைய மனநிலையை அவளே சொல்கிறாளா, அவளுக்காக அவனே சொல்லிக்கொள்கிறானா என்பதிலும் பாடலின் பொருள் இருக்கிறது.

கேட்பவரின் பங்கு

ஒரு பாடலின் பொருளை அறிய விரும்புவோர் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். பாடுபவர் யார்? யாரிடம் பாடுகிறார்? எந்தச் சூழலில் பாடுகிறார்? எந்தச் சொல் நேர்பொருளில் வந்துள்ளது, எது குறிப்பாக வந்துள்ளது? எந்த இடைச்சொல்லை நீக்கினால் கருத்து மாறும்? பாடல் எதைச் சொல்லாமலேயே உண்மை என்று எடுத்துக்கொள்கிறது?

இப்படி ஆராய்ந்தால் பாடலின் இனிமை போய்விடுமோ என்று சிலர் எண்ணலாம். பாரி மகளிரின் நிலவை அறிந்தவருக்குத் திரைப்பாடலின் நிலவு மங்கிவிடுவதில்லை; அதன் ஒளி கூடுகிறது. மடை எது என்று அறிந்தவருக்கு அந்தச் சொல்லிசையின் வேகம் இன்னும் நன்றாகப் புரிகிறது. அதேபோல், ‘இருந்தாலும்’ என்ற சொல்லில் ஒளிந்திருப்பதை ஒருமுறை கண்டுகொண்டவர், அடுத்தமுறை ஒருவரைப் பாராட்டும்போது அச்சொல்லைத் தவிர்த்துவிடுவார். ‘அழகாக இருக்கிறாய்’ என்று மட்டும் சொல்வார்.